கட்சியில் இருந்தால் சபை லிஸ்டில் பெயர் இருக்கக் கூடாதா?

ராயக்கோட்டை ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பழைய புராட்டஸ்டன்ட் சபை. எந்தச் சபை என்று கேட்காதீர்கள், சொன்னால் அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். என் சித்தப்பா ரொம்ப வருஷமாக அங்கே சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில் இருந்தவர், பொருளாளராகவும் இருந்திருக்கிறார். 2024 பார்லிமென்ட் தேர்தலில் ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தார். எந்தக் கட்சி என்பதையும் சொல்லப் போவதில்லை, சொன்னால் இழை முழுக்க அந்தக் கட்சியைப் பற்றியே ஓடும்.

அதற்கு அப்புறம் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் இப்போது கமிட்டி தேர்தலுக்காக நோட்டீஸ் போர்டில் ஓட்டர் லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள், அதில் சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் யார் பெயரும் இல்லை. ஆயரை, அதாவது போதகரைக் கேட்டால் சந்தா பாக்கி என்கிறார். கமிட்டிக்காரர் ஒருவரோ "கட்சிக் கொடி பிடிக்கிறவனுக்கு இங்கே என்ன ஓட்டு" என்று டீக்கடையிலேயே சொல்லியிருக்கிறார்.

கட்சியைக் காரணம் காட்டி ஒருவரைச் சபையை விட்டு எடுக்க முடியுமா? மற்ற சபைகளில் எப்படி?

ஓசூர் ஷிப்ட்:

எந்தக் கட்சி?

ராயக்கோட்டை ரோடு:

அதைத்தான் சொல்ல மாட்டேன் என்றேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். சபைகளில் லிஸ்ட் ஒன்றல்ல. ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு ரிஜிஸ்டர். திடப்படுத்தல் முடிந்து நற்கருணை எடுப்பவர்கள் இன்னொன்று. அதிலும் வயது வந்து, சந்தா கட்டி, பைலாவில் (சபை விதிகளில்) சொன்ன தகுதி உள்ளவர்கள்தான் ஓட்டர் லிஸ்டில் வருவார்கள். நோட்டீஸ் போர்டில் இருப்பது மூன்றாவது. அதில் பெயர் இல்லை என்பதால் உன் சித்தப்பா சபையாரே இல்லை என்று ஆகிவிடாது. இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் கோபத்தில் வேறு சபைக்குப் போய்விடுகிறார்கள், எதிராளிக்கு அது ரொம்ப வசதி.

நான் லூத்தரன் சபையில் பிறந்தவன். எங்கள் சபை இந்த மாவட்டத்துக்கு வந்த கதையே ஒரு விலக்கல் கதைதான். 1895இல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கிய நேதர், மோன் என்ற இரண்டு ஜெர்மன் மிஷனரிகளும் அதற்கு முன் லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். வேதம் முழுக்கப் பிழையற்றதா என்ற தகராறில் அங்கிருந்து வெளியே வந்தார்கள், அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லூத்தரன் சபை சேர்த்துக்கொண்டது. அது உபதேசச் சண்டை, சரியோ தப்போ விசுவாசத்தைப் பற்றியது. இப்போது நடப்பதில் உபதேசம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து கட்சிக்காக யாரையும் எடுத்ததாக எந்த மினிட்ஸிலும் எழுத மாட்டார்கள். சந்தா பாக்கி, நற்கருணைக்கு வரவில்லை, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார், இந்த மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவார்கள்.

ஒரு கேள்வி. சித்தப்பா பொருளாளராக இருந்தபோது யாரிடமாவது கணக்குக் கேட்டாரா?

கோவிலூர் பேரன்:

கத்தோலிக்கர் பக்கம் இந்தத் தலைவலி வேறு மாதிரி. எங்கள் பங்கில் ஓட்டர் லிஸ்ட் என்று ஒன்று கிடையாது. பங்குப் பேரவை உண்டு, அன்பியங்கள் என்ற பகுதிவாரிக் குழுக்களில் இருந்து ஆட்களை எடுப்பார்கள், ஆனால் திருச்சபைச் சட்டம் 536இன்படி பேரவை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு பங்குத்தந்தை கையில். ஆகவே சண்டை லிஸ்டுக்காக வராது, திருவிழாச் செலவு, தேர் இழுக்கும் வரிசை, மைக் யார் கையில், இதற்கு வரும்.

கட்சி விஷயத்தில் சாமியாருக்கும் சனத்துக்கும் சட்டம் வேறு. குருக்கள் அரசு அதிகாரப் பதவிக்குப் போகக் கூடாது, கட்சியில் தீவிரமாக இறங்கக் கூடாது என்று 285, 287 இரண்டிலும் இருக்கிறது. 2023இல் இடுக்கியில் ஒரு பங்குத்தந்தை பாஜகவில் சேர்ந்ததும் பங்குப் பொறுப்பில் இருந்து விலக்கினார்கள். நிகரகுவாவில் மந்திரியான எர்னெஸ்டோ கார்டினால் சாமியார் குருத்துவப் பணி செய்யத் தடை வாங்கி, 2019இல் சாகப்போகும் வயதில்தான் போப் பிரான்சிஸ் அதை நீக்கினார். பொதுநிலையினருக்கு அப்படித் தடை இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. 1949 ஜூலையில் ரோமாபுரியில் இருந்து ஓர் ஆணை வந்தது: கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்கிறவர்களுக்கு அருட்சாதனங்கள் கிடையாது, அந்தக் கொள்கையையே ஏற்றுப் பரப்புகிறவர் திருச்சபைக்கு வெளியே. தளி பக்கம் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் செங்கொடிச் சங்கத்தில் இருந்தாராம், ஞாயிறு பூசை தவற விட மாட்டார், நன்மை (நற்கருணை) வாங்கும் நேரம் மட்டும் கடைசி வரிசையிலேயே நின்றுவிடுவாராம். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவரே போகவில்லை. இன்றைக்கு அதே தளியில் 2021இல் கம்யூனிஸ்ட் எம்எல்ஏ ஜெயித்தார், மத்தகொண்டபள்ளி கோயில் ஆட்கள் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று ஒருவரும் நன்மை கொடுக்கும்போது கேட்கவில்லை.

தாமரை மலர் 635:

இழை போட்டவர் சொல்லாவிட்டாலும் தெரிகிறது, எங்கள் கட்சிதான். வேறு கட்சிக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தால் ஆயரே டீ வாங்கிக் கொடுத்திருப்பார். நானும் கிறிஸ்தவன், கட்சியின் சிறுபான்மை அணியில் இருக்கிறேன், என் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் பொம்மிடி பக்கம் பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயிலில் எங்கள் மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலையை உள்ளே வரக் கூடாது என்று சில பையன்கள் மறித்தார்களே, அதை யாராவது கண்டித்தீர்களா? கோயில் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

பாப்பிரெட்டிப்பட்டி பையன்:

அண்ணா, அந்தப் பையன்கள் கேட்டது மணிப்பூர். அங்கே தேவாலயங்கள் எரிந்தபோது வாயைத் திறக்காத கட்சியின் தலைவர் இங்கே வந்து மாலை போட்டால் சும்மா இருக்க முடியுமா? கேட்டார்கள், அவரும் விடாமல் வாதாடினார், பிறகு உள்ளே போய் மாலையும் போட்டார், அவர் பேசியதற்கு வழக்கும் போட்டார்கள். அது வெளியில் இருந்து யாத்திரையோடு வந்த அரசியல்வாதி விஷயம். இவருடைய சித்தப்பா உள்ளூர் சபையார். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

தாமரை மலர் 635:

ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் "மதச்சார்பின்மை காக்க ஜெபிப்போம்" என்றால் யாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அது மட்டும் அரசியல் இல்லையா?

வக்கீல் ஆபீஸ் கிருஷ்ணகிரி:

அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வழிபாட்டிடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988இல் மத்திய அரசு ஒரு சட்டமே போட்டிருக்கிறது, மீறினால் 5 வருஷம் வரை சிறை. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் தேர்தல் செல்லாது என்பதை, வேட்பாளர் மதம் மட்டுமல்ல வாக்காளர் மதத்தைச் சொன்னாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்ற கணக்கில் விரித்துச் சொன்னது. ஜெபத்தை யாரும் வழக்காக்க முடியாது, ஆனால் சின்னத்தைச் சொல்லிப் பிரசங்கம் செய்கிற ஆயர்களுக்கு இது தெரியாமல் இருப்பது ஆச்சரியம். எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது சித்தப்பா விஷயம். ஒரு மதப் பிரிவு தன் உறுப்பினரை விலக்கலாமா என்பதில் அடிப்படைத் தீர்ப்பு 1962, போரா முஸ்லிம்கள் வழக்கு. சாதி விலக்கம், சமூக விலக்கம் எதுவும் கூடாது என்று பம்பாய் மாகாணம் 1949இல் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மத ஒழுங்கைக் காக்க, மதக் காரணத்துக்காக விலக்குவது அந்தப் பிரிவின் உரிமை, அரசியல் சட்டம் 26வது பிரிவு அதைக் காக்கிறது என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பழைய தீர்ப்பையே வைத்துப் பார்த்தாலும் அதில் உள்ள சொல் மதக் காரணம். பூத் ஏஜென்டாக உட்கார்ந்தது எந்த விசுவாசப் பிரமாணத்துக்கு எதிர்? அதனால்தான் வாத்தியார் சொன்ன மாதிரி மினிட்ஸில் அதை எழுத மாட்டார்கள். எழுதினால் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

இது சபை உள்விவகாரம், கோர்ட் தலையிடாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். சொத்து, பதவி பற்றிய உரிமை என்றால் சிவில் கோர்ட் பார்க்கும் என்பது கேரளத்து மலங்கரை சபை வழக்கில் 1995இலேயே முடிவானது. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமைப் பேராயரான மாடரேட்டருக்கு 2023இல் நடந்த தேர்தலும், பேராயர் ஓய்வு வயதை 67இல் இருந்து 70 ஆக்கிய திருத்தமும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2024இல் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்கு வந்தது. தலையிலேயே அப்படி என்றால் சேகரத்தில் லிஸ்ட் சண்டை வருவது என்ன அதிசயம்.

ராயக்கோட்டை ரோடு:

வாத்தியார் ஐயா கேட்டதற்குப் பதில். ஆமாம், கேட்டார். சபைக்கு ரோட்டோரம் கடைகள் இருக்கின்றன. வாடகை பழைய ரேட்டிலேயே போகிறது, உள்வாடகைக்கு விட்டவர்கள் பல மடங்கு வாங்குகிறார்கள், அந்த உள்வாடகைக்காரர்களில் கமிட்டி ஆட்களின் மைத்துனர்களும் உண்டு. டெண்டர் வைக்க வேண்டும் என்று சித்தப்பா எழுத்தில் கொடுத்தார். அது தேர்தலுக்கு முன்னால். அடுத்த கமிட்டியில் அவரைச் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தாமரை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். டீக்கடையில் அப்படிப் பேசிய கமிட்டிக்காரரும் சித்தப்பாவும் ஒரே கட்சி. அவர் வட்டச் செயலாளர் கோஷ்டி, இவர் வேறு கோஷ்டி.

ஓசூர் ஷிப்ட்:

அப்போ இவ்வளவு நேரம் நாங்கள் எதற்குச் சண்டை போட்டோம்

ரிட்டயர்டு வாத்தியார்:

இதைத்தான் எதிர்பார்த்தேன். கட்சி ஒரு சாக்கு. கடை, பள்ளிக்கூடத்து வேலை நியமனம், ஹாஸ்டல் நிலம், இவை யார் கையில் என்பதை அந்த ஓட்டர் லிஸ்ட் முடிவு செய்கிறது. லிஸ்டைத் தயாரிக்கிறவர்களே தேர்தலில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வரும் சபையில் இருபது பெயரை எடுத்தால் முடிந்தது வேலை. சட்டசபைத் தேர்தலில் இதைச் செய்ய எவ்வளவு பாடுபட வேண்டும் பார்.

அரூர் கிழக்கு:

எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். உங்களுக்கு லிஸ்டில் பெயர் இல்லை என்று வருத்தம். எங்கள் காலனியில் லிஸ்டில் பெயர் வந்துவிடுமோ என்று பயம். அதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் தெருவில் பாதி வீடு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும். சர்டிபிகேட்டில் இந்து ஆதிதிராவிடர். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி என்றது, 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் பிசி. படிப்புக்கு உதவித்தொகை, வேலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாட்கோ கடன் எல்லாவற்றிலும் அது வித்தியாசம் செய்யும். அரூரும் ஊத்தங்கரையும் தனித் தொகுதி. பஞ்சாயத்திலும் தனி வார்டு உண்டு. அந்த வார்டில் நிற்க நினைக்கிறவன் முதலில் பார்ப்பது எதிராளியின் ஜாதகத்தை இல்லை, சபை ரிஜிஸ்டரை. எவனாவது ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும், நாமினேஷன் அன்றைக்கு ஆட்சேபணை வந்துவிடும்.

இது புதுக் கதையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கோலார் தங்கவயலில், நம் ஊர் ஆட்கள் பலர் சுரங்க வேலைக்குப் போன ஊர்தான், அங்கே தனித் தொகுதியில் 1967இல் ஜெயித்த ராஜகோபால் 1949இல் கிறிஸ்தவராக மாறியவர் என்று தோற்ற ஆறுமுகம் வழக்குப் போட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. அவர் 1972இல் மறுபடி நின்று ஜெயித்தார், மறுபடி அதே ஆறுமுகம் வழக்கு. 1975இல் தீர்ப்பு மாறியது: இந்து மதத்துக்குத் திரும்பியிருக்கிறார், சொந்தச் சாதியாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே செல்லும். அதாவது ஒரு மனிதன் யார் என்பதை அவன் சொல்ல முடியாது, ஊர் சொல்ல வேண்டும், அதை கோர்ட் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில், குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானமும் அவர் தேவாலயத்துக்குப் போய்வருவதும் சாட்சியாக எடுக்கப்பட்டு, வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று எழுதிவிட்டார்கள்.

இதனால் எங்கள் பாஸ்டர் என்ன செய்கிறார் தெரியுமா? முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார், சர்டிபிகேட் எழுதுவதில்லை. கேட்டால் "பரலோகத்தில் ஜீவபுஸ்தகம் இருக்கிறது, அதில் எழுதியாயிற்று" என்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கும். எங்கள் அண்ணன் எழுத்து வேண்டும் என்று பெரிய சபைக்குப் போய் முறைப்படி சேர்ந்தார், அவர் பிள்ளைகள் இப்போது பிசி. என் பிள்ளைகள் எஸ்சி. ஒரே தாத்தா, ஒரே தெரு, ஒரே குழாயில் தண்ணீர். பெரிய சபையில் சேர்ந்ததால் சாதி போயிற்றா என்றால் அங்கேயும் கல்லறையில் எங்களுக்கு ஓரம்தான். மதம் மாறிய தலித்துகளையும் பட்டியல் சாதியில் சேர்க்கலாமா என்று பார்க்க பாலகிருஷ்ணன் கமிஷனை 2022இல் போட்டார்கள். அதற்கு முன்னால் 2007இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மதத்தைப் பார்க்காதே என்று எழுதிக் கொடுத்தும் தூங்குகிறது. எங்கள் வாக்கை வாங்கும் கட்சிகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கைகூப்புகிறார்கள், மூன்றாவது பத்தியைப் பற்றிக் கேட்டால் மத்திய அரசு கையில் இருக்கிறது என்கிறார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி பையன்:

அண்ணா இதை யாரும் வெளியில் பேசுவதே இல்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி ஜெபமாலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தாலுகா ஆபீஸ் போனாள்.

தாமரை மலர் 635:

அப்படியென்றால் சலுகைக்கு இந்து, ஜெபத்துக்குக் கிறிஸ்தவன். இதைத்தானே நாங்கள் தப்பு என்கிறோம்.

அரூர் கிழக்கு:

நீங்கள் கிறிஸ்தவரான பிறகும் உங்கள் சாதியில்தானே பெண் எடுத்தீர்கள்? அது போகாதபோது எங்களுடையது மட்டும் எப்படிப் போகும் என்று சட்டம் எழுதியவர்களைக் கேளுங்கள். எங்களைக் கேட்காதீர்கள்.

பென்னாகரம் விசுவாசி:

எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் ரிஜிஸ்டரும் இல்லை, தேர்தலும் இல்லை, வாட்ஸப் குரூப்தான் உறுப்பினர் லிஸ்ட். பாஸ்டர் ரிமூவ் செய்தால் வெளியே. ஆனால் அரசியல் இல்லாமல் இல்லை. வழிபாட்டிடம் கட்ட கலெக்டர் அனுமதி வேண்டும், கட்டட விதியில் இருக்கிறது. கூரை போட்டு ஜெபம் நடத்தினால் யாராவது மனு கொடுப்பார்கள், விஏஓ வருவார், பாஸ்டர் உடனே ஆளும் கட்சி ஒன்றியத்திடம் ஓடுவார். அடுத்த தேர்தலில் அந்த ஒன்றியம் வந்து மைக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பார்? ஆட்சி மாறினால் பாஸ்டரும் மாறுவார். நான் குறையாகச் சொல்லவில்லை, சொந்தக் கட்டடம் இல்லாத சபைக்கு வேறு வழி என்ன.

ராயக்கோட்டை ரோடு:

அரூர் அண்ணன் எழுதியதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "நம் சபையிலும் ஓரமாகப் புதைத்திருக்கிறோம்" என்றார். அது தனி இழையாகப் போட வேண்டிய விஷயம், யாராவது போடுங்கள், நானும் எழுதுகிறேன்.

சித்தி கவலை எல்லாம் வேறு. ஓட்டுப் போனால் போகட்டும், பெண் கல்யாணத்துக்குச் சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பார்களா, நாளைக்கு யாராவது இறந்தால் கல்லறையில் இடம் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாமியார் புதைந்த இடத்தில் குடும்பக் கல்லறைக்குப் பணம் கட்டியிருக்கிறோம்.

கோவிலூர் பேரன்:

அதுதான் நிஜமான பிடி. ஓட்டர் லிஸ்டை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது, கல்லறையை வைத்து முடியும். எங்கள் பக்கமும் கோயில் வரி கட்டாதவர் வீட்டில் சாவு விழுந்தால்தான் பழைய நோட்டைத் திறப்பார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யார் வாதாடுவார்? கேட்டதைக் கட்டிவிட்டு அடக்கம் செய்வார்கள்.

வக்கீல் ஆபீஸ் கிருஷ்ணகிரி:

கல்லறையையும் ஓட்டர் லிஸ்டையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். முதலில் லிஸ்ட். பைலா நகல் வாங்குங்கள், ஆயர் கொடுக்கவில்லை என்றால் பேராயரின் திருமண்டல ஆபீசில் கேளுங்கள். ஓட்டுரிமைக்கு எத்தனை மாதப் பாக்கி வரை பொறுக்கலாம், பெயரை எடுக்கும் முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா, ஆட்சேபணைக்கு எத்தனை நாள், இந்த மூன்றையும் பாருங்கள். சந்தா ரசீதுகளை எல்லாம் சேர்த்து வையுங்கள். பாக்கி இருந்தால் இப்போதே கட்டுங்கள், கையில் வாங்க மறுத்தால் சபைக் கணக்கில் போட்டு வங்கிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆட்சேபணை மனு, ஆயருக்கும் தேர்தல் அதிகாரிக்கும் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. மனுவில் கட்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். டீக்கடைப் பேச்சுக்குச் சாட்சி வர மாட்டார்கள். வாடகைக் கடை விஷயத்தையும் எழுதாதீர்கள், பழிவாங்கலுக்குப் பழிவாங்கல் என்று ஆகிவிடும். சித்தப்பா கொடுத்த டெண்டர் கடிதத்தின் நகல் மட்டும் பத்திரமாக இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

ராயக்கோட்டை ரோடு:

ரசீது எல்லாம் சித்தி சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு முழுசாக இருக்கிறது. பாக்கியே இல்லை போல் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம், அந்த ரசீதுகளில் பாதியில் கையெழுத்துப் போட்டிருப்பது பொருளாளர், அதாவது சித்தப்பாவே.

ரிட்டயர்டு வாத்தியார்:

அடடா. அப்படியானால் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேள். ஆடிட் முடிந்த வருஷக் கணக்கில் அந்தத் தொகை வரவாகி, சபைக் கூட்டத்தில் வாசித்து ஏற்றிருந்தால் யார் கையெழுத்து என்பது பிரச்சினை இல்லை. வருடாந்தக் கணக்கு அச்சடித்துக் கொடுத்திருப்பார்களே, அந்தத் தாள் யார் வீட்டிலாவது இருக்கும், தேடு.

வக்கீல் ஆபீஸ் கிருஷ்ணகிரி:

வாத்தியார் சொன்னது சரி. அந்தத் தாள் கிடைத்தால் இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.